ஜைஹூன் கரையில் நின்றுவிட்டவர்

ஹிஜ்ரி நான்காம் நூற்றாண்டின் நிலவியலாளர் அல்முகத்தஸீ தம் நூலில் ஒரு சிறு நிகழ்ச்சியைப் பதிவுசெய்திருக்கிறார். குராசானை ஆண்டவர், பல்கு நகரத்து அறிஞர் ஒருவரைத் தமக்கு உதவியாக இருக்கும்படி புகாராவுக்கு அழைத்தார். அறிஞரும் புறப்பட்டார். வழியில் ஜைஹூன் நதி குறுக்கிட்டது. இன்றைய வரைபடங்களில் ஆமூ தர்யா என்று காணப்படும் பேராறு அது. பொங்கி வரும் அலைகளையும் ஆற்றின் அகலத்தையும் கண்ட அறிஞர் கரையிலேயே நின்றுவிட்டார். அங்கிருந்தே ஒரு மடல் எழுதினார். தமது மதிநுட்பத்தைக் கேள்விப்பட்டுத்தான் அழைப்பு வந்ததென்றால், இந்த ஆற்றைக் கடக்க வேண்டாம் என்று தடுப்பதும் அதே மதிநுட்பம்தான் என்பது அம்மடலின் சாரம். ஆட்சியாளர் படித்தார். ஊருக்கே திரும்பிச் செல்லலாம் என்று சொல்லியனுப்பினார்.

அந்த அறிஞரின் பெயர் அபூஸைத் அஹ்மத் இப்னு ஸஹ்ல் அல்பல்கீ. ஏறத்தாழ கி.பி. 850இல், பல்குப் பகுதியின் ஷாமிஸ்தியான் என்ற சிற்றூரில் ஒரு பள்ளி ஆசிரியரின் மகனாகப் பிறந்தவர். இளமையில் இராக் சென்று எட்டு ஆண்டுகள் கற்றுத் திரும்பியவர். நிலவரைபடக் கலையில் ஒரு தனி மரபே அவர் பெயரால் வழங்குகிறது. உலகத்தின் ஆறுகளையெல்லாம் தாளில் வரைந்தவர், தம் ஊருக்கு அருகிலிருந்த ஓர் ஆற்றைக் கடக்கவில்லை என்பதில் ஒரு வேடிக்கை இருக்கத்தான் செய்கிறது. ஆனால் எனக்கு அந்த மடலைப் படிக்கும்போதெல்லாம் சிரிப்பைவிட வேறொன்றே தோன்றுகிறது. அச்சம் உள்ளவர்கள் அதை எப்படிச் சாமர்த்தியமான சொற்களால் போர்த்திக்கொள்கிறார்கள் என்பது அச்சம் உள்ளவர்களுக்குத் தெரியும்.

அது உண்மையிலேயே ஆற்றைப் பற்றிய அச்சமா, வயதுக்குரிய எச்சரிக்கையா, அல்லது அரசவையைத் தவிர்க்கக் கிடைத்த சாக்கா? மூன்றுக்கும் இடமுண்டு. வரலாற்றாசிரியர் யாகூத் அல்ஹமவீ அவரை வருணிக்கும்போது, மெலிந்த உடல், மாநிறம், துருத்திய கண்கள், முகத்தில் அம்மைத் தழும்புகள் என்று சொல்லி, மிகுதியும் மௌனமாக இருப்பவர் என்றும் கண்ணியம் மிக்கவர் என்றும் குறிக்கிறார். பல்கை ஆண்ட அஹ்மத் இப்னு ஸஹ்ல் (பெயரொற்றுமை தற்செயலானது) அமைச்சர் பதவியைக் கொடுக்க முன்வந்தபோது, அதை ஏற்காமல் எழுத்தர் பணி போதும் என்றாராம். கூட்டத்தின் நடுவே அமர விரும்பாத மனிதர் ஒருவரின் சாயல் இச்செய்திகளில் தெரிகிறது. அதற்கு மேல் சொல்வது, ஆயிரத்து நூறு ஆண்டுகளுக்கு முன் மறைந்த ஒருவருக்கு நாம் நாடி பார்ப்பதாகிவிடும்.

மனித உள்ளத்தின் அச்சத்தை ஒரு நோயாக, மருத்துவம் உள்ள நோயாக, நிதானமாக எழுதி வைத்தவர் இந்த மௌனியே. அவருடைய நூலின் பெயர் ‘மஸாலிஹுல் அப்தான் வல் அன்ஃபுஸ்’. உடல்களுக்கும் உள்ளங்களுக்கும் நலம் பயப்பவை என்று பொருள் கொள்ளலாம். முதற்பகுதி உடலைப் பற்றியது. உணவு, உறக்கம், குளியல், உடற்பயிற்சி என விரிந்து செல்வது. இரண்டாம் பகுதி உள்ளத்தைப் பற்றியது. எட்டே இயல்கள்தாம். கோபத்துக்கு ஒன்று, அச்சத்துக்கு ஒன்று, துயரத்துக்கு ஒன்று, வஸ்வாஸ் எனப்படும் ஓயாத உள்மனப் பேச்சுக்கு ஒன்று.

இரண்டாம் பகுதியின் தொடக்கத்திலேயே அவர் கூறும் செய்தி நம் வீடுகளில் உரக்கப் படிக்கத்தக்கது. உடல்நோய் சிலருக்கு வாழ்நாளில் அரிதாகவே வரலாம், ஆனால் உள்ளத்தின் நோவு ஒருவரையும் விடுவதில்லை, அன்றாடம் ஏதேனும் ஒரு வடிவில் வந்துகொண்டே இருக்கும் என்கிறார். அதாவது, மன அச்சம் கொண்டவர் ஏதோ குறைபட்ட பிறவி அல்லர். சளி பிடித்தவரை நாம் எப்படிப் பார்க்கிறோமோ அப்படிப் பார்க்கவேண்டியவர்.

அச்சத்தைப் பற்றிய இயலில் அவர் ஓர் உவமை சொல்கிறார். மூடுபனியே இல்லாத நாட்டிலிருந்து வந்த ஒருவன் முதன்முதலாக அதைக் காண்கிறான். எதிரே வெண்சுவர் எழுந்து நிற்பதாகவும், அதற்குள் நுழைந்தால் மூச்சு முட்டிவிடும் என்றும் எண்ணி நடுங்குகிறான். உள்ளே காலெடுத்து வைத்த பிறகுதான் அது ஈரக்காற்று என்று தெரிகிறது. நாம் அஞ்சும் பெரும்பாலானவை அப்படிப்பட்டவை என்பது பல்கீயின் கருத்து. எனவே, அஞ்சும் பொருளைச் சிறிது சிறிதாகக் கண்டும் கேட்டும் பழகிக்கொள்ளவேண்டும் என்கிறார். அமைதியான வேளையிலேயே நல்லெண்ணங்களைச் சேர்த்து வைத்துக்கொண்டு, அச்சம் எழும்போது எடுத்துப் பயன்படுத்தவேண்டும் என்றும் சொல்கிறார். வீட்டில் கைமருந்து வைத்திருப்பதுபோல. இன்றைய உளவியல் மருத்துவர்கள் சிந்தனைப் பயிற்சி என்றும் படிப்படியான பழக்கம் என்றும் சொல்லிக் கொடுப்பவற்றுக்கு இவை மிக அருகில் நிற்கின்றன.

இன்னொரு கருத்தும் உண்டு. என்னை நெடுநாள் நிறுத்தி வைத்தது அதுதான். உள்ளத்தின் நோய்க்கு இரண்டு மருந்துகள் என்கிறார். ஒன்று அகத்திலிருந்து வருவது, தன் சிந்தனை. மற்றது புறத்திலிருந்து வருவது, பிறர் சொல். உடல்நோய் கண்டவர் தம் மருத்துவத்தைத் தாமே பார்த்துக்கொள்ளாமல் வேறொரு மருத்துவரை நாடுவதுபோல, அச்சத்தில் மூழ்கியவரின் அறிவு அந்த வேளையில் அவருக்கு உதவாது, வெளியிலிருந்து ஒருவர் வந்துதான் பேசவேண்டும் என்று வலியுறுத்துகிறார். தனிமை வஸ்வாஸை வளர்க்கும், மனிதர்களோடு இருக்கவேண்டும் என்பதும் அவர் அறிவுரை.

இங்கே ஒரு முடிச்சு இருக்கிறது. மனிதர்களுக்கே அஞ்சும் ஒருவருக்கு மனிதர்தாம் மருந்து என்றால், அந்த மருந்து எப்படி வாய்க்குள் போகும்? அவர் வந்து கேட்கமாட்டார். கேட்க முடிந்தால் அது அந்த நோயே அன்று. ஆகவே மற்றவர்தான் அவருடைய முகத்தைப் படிக்கவேண்டியிருக்கிறது. தமிழில் இவ்விரண்டுக்கும் பழைய பெயர்கள் உண்டு. திருக்குறளில் ‘குறிப்பறிதல்’ 71ஆம் அதிகாரம், ‘அவையஞ்சாமை’ 73ஆம் அதிகாரம். இரண்டையும் அருகருகே வைத்தவருக்கு அவற்றின் உறவு தெரிந்திருக்கவேண்டும்.

குறிப்பறிதலின் வரலாற்றை நாம் பல்கில் தொடங்க முடியாது. மதீனாவில்தான் தொடங்கவேண்டும்.

அபூஹுரைரா (ரலி) அவர்கள் தம் பசிக் காலத்தைப் பற்றித் தாமே சொன்ன செய்தி புகாரீயில் இருக்கிறது. நாம் பலமுறை கேட்டதுதான். ஆனால் பாலின் பரக்கத்தைப் பற்றிய செய்தியாக மட்டுமே கேட்டிருக்கிறோம். அதன் முதற்பாதியைச் சற்று நின்று பார்ப்போம். பசியில் வயிற்றில் கல்லைக் கட்டிக்கொண்டு, மக்கள் வெளியேறும் வழியில் அவர் அமர்ந்திருக்கிறார். அபூபக்ர் (ரலி) வருகிறார்கள். அபூஹுரைரா (ரலி) அவர்களிடம் குர்ஆன் வசனம் ஒன்றைப் பற்றிக் கேட்கிறார். வசனம் அவருக்குத் தெரியாததன்று. பேச்சுக் கொடுத்தால் வீட்டுக்கு அழைத்துச் சென்று உணவளிப்பார்கள் என்ற எதிர்பார்ப்பு. அபூபக்ர் (ரலி) கேள்விக்கு விடை கூறிவிட்டுச் செல்கிறார்கள். பிறகு உமர் (ரலி) வருகிறார்கள். அதே கேள்வி, அதே விடை. அவர்களும் கடந்து செல்கிறார்கள்.

இந்த உம்மத்தின் மிகச் சிறந்த இருவர் அவர்கள். இளகிய மனத்துக்குப் பெயர்பெற்றவர் அபூபக்ர் (ரலி). பிற்காலத்தில் இரவில் மதீனாவின் தெருக்களில் சுற்றிப் பசித்தவர்களைத் தேடியவர் உமர் (ரலி). அவர்களுக்கே அன்று அந்தக் கேள்விக்குள் இருந்த கேள்வி கேட்கவில்லை. அவர்கள் மீது குறையில்லை. கேட்டதற்கு விடை கொடுத்தார்கள். பிறர் உள்ளத்தைப் படிப்பது அத்தனை கடினம் என்பதற்கு இதைவிடச் சான்று வேண்டியதில்லை.

மூன்றாவதாக வந்தவர்கள் நபிகள் நாயகம் (ஸல்) அவர்கள். அபூஹுரைராவைப் பார்த்தார்கள், புன்னகைத்தார்கள். முகத்திலும் உள்ளத்திலும் இருந்ததை அறிந்துகொண்டார்கள். செல்லப் பெயரால் அழைத்துப் பின்னால் வரச் சொன்னார்கள். பசிக்கிறதா என்று வழியில் வைத்துக் கேட்கவில்லை. உதவியும் நடந்தது, மானமும் காக்கப்பட்டது. கேட்கக் கூசும் ஏழைகளை அவர்களின் அடையாளத்தைக் கொண்டே அறிந்துகொள்ளலாம் என்று சூரா அல்பகராவின் 273ஆம் வசனம் சொல்வது இந்தத் திறனைத்தான். முகம் பார்க்கும் பழக்கம் நம்மிடம் தேய்ந்துபோனால், அந்த வசனத்தின் மீது அமல் செய்யும் வழியும் நமக்கு அடைபட்டுப்போகும்.

முஸ்லிமில் இடம்பெறும் இன்னொரு செய்தி, உஸ்மான் (ரலி) அவர்களைப் பற்றியது. நாயகம் (ஸல்) அவர்கள் ஆயிஷா (ரலி) அவர்களின் இல்லத்தில் படுத்திருந்தார்கள். அபூபக்ர் (ரலி) அனுமதி கேட்டு வந்து, தம் தேவையை முடித்துக்கொண்டு சென்றார்கள். நாயகம் (ஸல்) படுத்த நிலையிலேயே இருந்தார்கள். உமர் (ரலி) வந்தபோதும் அப்படியே. உஸ்மான் (ரலி) அனுமதி கேட்டபோது எழுந்து அமர்ந்து, ஆடையைச் சரிசெய்துகொண்டார்கள். பிறகு ஆயிஷா (ரலி) காரணம் கேட்டார்கள். உஸ்மான் மிகவும் கூச்சமுள்ளவர், அந்த நிலையில் தம்மைக் கண்டால் வந்த தேவையைச் சொல்லாமலே திரும்பிவிடுவார் என்று அஞ்சியதாக விடை வந்தது.

உஸ்மான் (ரலி) அவர்களின் நாணத்தின் சிறப்புக்கு இதை எடுத்துச் சொல்லாத பயான் இல்லை. அது சரியே. ஆனால் இதில் செயல்படுபவர் யார் என்று பார்க்கவேண்டும். கூச்சமுள்ளவரிடம் கூச்சத்தை விடச் சொல்லவில்லை. இத்தனை பெரிய மனிதராக இருந்தும் இப்படியா என்று வியக்கவில்லை. எழுந்து அமர்ந்தவர் எதிரில் இருந்தவர். கூச்சமுள்ளவர் பேசுவதற்கு ஏற்றபடி அந்த அறையே மாறிக்கொண்டது.

இப்னு மாஜாவில் ஒரு சிறு செய்தி. ஒருவர் நாயகம் (ஸல்) அவர்களிடம் பேச வந்தார். அவர் தோள்தசைகள் நடுங்கத் தொடங்கின. நாயகம் அவரை அமைதிப்படுத்தி, தாம் அரசர் அல்லர், உப்புக்கண்டம் உண்டு வாழ்ந்த ஒரு பெண்ணின் மகன்தான் என்றார்கள். எங்கள் வீட்டிலும் ஹஜ்ஜுப் பெருநாளுக்குப் பிறகு மாடியில் உப்புக்கண்டம் காயும். அதனாலோ என்னவோ, இந்தச் செய்தி எனக்கு நூலில் படித்ததுபோல் இல்லாமல் அடுத்த தெருவில் நடந்ததுபோல் இருக்கும்.

மருத்துவ வரலாற்றுக்கு வருவோம். பல்கீ மறைந்த ஹிஜ்ரி 322க்கு (கி.பி. 934) ஏறத்தாழ அரை நூற்றாண்டுக்குப் பின் பிறந்தவர் இப்னு சீனா. நிஸாமி அரூஸி என்பவர் கி.பி. 1156ஐ ஒட்டி எழுதிய பாரசீக நூலில் அவரைப் பற்றிய புகழ்பெற்ற கதை ஒன்று வருகிறது. ஜுர்ஜான் நகரில் ஆட்சியாளர் காபூஸின் உறவினரான இளைஞன் ஒருவன் மெலிந்துகொண்டே போகிறான். எந்த மருத்துவருக்கும் நோய் பிடிபடவில்லை. அவனும் வாய் திறக்கவில்லை. இப்னு சீனா அவன் மணிக்கட்டில் விரல்களை வைத்துக்கொண்டு, ஊர் அறிந்த ஒருவரிடம் அந்நகரின் பகுதிகளின் பெயர்களை ஒவ்வொன்றாகச் சொல்லச் சொல்கிறார். ஒரு பெயரில் நாடி துள்ளுகிறது. அப்பகுதியின் தெருக்கள், பிறகு வீடுகள், பிறகு வீட்டில் இருப்போரின் பெயர்கள். கடைசியில் ஒரு பெண்ணின் பெயரில் நாடி நின்று துடிக்கிறது. நோய் காதல் என்று அறிவிக்கிறார்.

கதை அழகானது. ஆனால் நடந்திருக்க வாய்ப்பில்லை. இப்னு சீனா காபூஸைத் தேடிப் பயணம் செய்ததும், போய்ச் சேர்வதற்குள் காபூஸ் சிறைப்பட்டு இறந்துபோனதும் அவர் தம் வாழ்க்கைக் குறிப்பிலேயே சொல்லியிருப்பவை. கதையின் கருவும் பழையது. உரோமாபுரியில் கிரேக்க மருத்துவர் ஜாலீனூஸ், கூத்தர் ஒருவரின் பெயரைக் கேட்டதும் ஒரு பெண்ணின் நாடி மாறியதைக் கொண்டு அவள் உள்ளத்தை அறிந்ததாக எழுதியிருக்கிறார். எனினும் முறை பொய்யன்று. ‘அல்கானூன்’ நூலில் காதல்நோய் பற்றிய பகுதியில் இதே முறையை இப்னு சீனா விவரித்து, தாம் செய்து பார்த்ததாகவும் குறிப்பிடுகிறார். மாமேதைகள் மீது கதைகளை ஏற்றுவதில் நமக்குள்ள ஆர்வம், அவர்கள் உண்மையில் எழுதியதைத் திறந்து பார்ப்பதில் இல்லை என்பதை இடையில் சொல்லி வைக்கிறேன்.

கதையோ கானூனோ, இரண்டிலும் உள்ள ஒரு பண்பு கவனத்துக்குரியது. நோயாளியை வற்புறுத்திப் பேசவைப்பதில்லை. மருத்துவர் ஓர் ஊகத்தை முடிவாக அறிவிப்பதும் இல்லை. ஒரு பெயரைச் சொல்லிப் பார்க்கிறார், காத்திருக்கிறார், மீண்டும் சொல்லிப் பார்க்கிறார். படிப்பதற்கும் ஊகிப்பதற்கும் இடையே உள்ள தொலைவு அந்தக் காத்திருப்புதான்.

ஊகத்தின் கேடு என்ன என்பதற்கு உஸாமா (ரலி) அவர்களின் நிகழ்ச்சி இருக்கிறது. போர்க்களத்தில் கலிமா சொன்ன ஒருவனை, வாளுக்கு அஞ்சிச் சொன்னான் என்று முடிவுகட்டி உஸாமா வீழ்த்திவிட்டார்கள். அவன் நெஞ்சைப் பிளந்து பார்த்தாயா என்ற பொருள்படும் நபிகளாரின் கேள்வி அவரை வாழ்நாள் முழுவதும் வருத்தியது. முகத்தைப் படிக்கவும் வேண்டும், நெஞ்சுக்குள் புகுந்து தீர்ப்பு எழுதவும் கூடாது. இந்த இரண்டுக்கும் இடையிலான பாதை குறுகியது.

அப்பாதையை ஒரு நகரமே தவறவிட்ட கதையும் உண்டு. இமாம் கஸ்ஸாலி (ரஹ்) அவர்கள் கி.பி. 1091இல் பக்தாதின் நிஸாமிய்யாவில் பேராசிரியராக அமர்ந்தார்கள். அன்றைய இஸ்லாமிய உலகின் மிக உயர்ந்த கல்விப் பீடம் அது. முந்நூறு மாணவர்களுக்குப் பாடம் சொன்னதாக அவர்களே எழுதியிருக்கிறார்கள். ஹிஜ்ரி 488, ரஜப் மாதத்தில் (கி.பி. 1095) தொடங்கி ஏறத்தாழ ஆறு மாதம் கடும் உள்ளப் போராட்டம். ஒரு கட்டத்தில் நாக்கு கட்டிக்கொண்டது. வந்தவர்களின் மனம் குளிர ஒரு நாளேனும் பாடம் நடத்தவேண்டும் என்று முயன்றும், ஒரு சொல் வெளிவரவில்லை. அதனால் உள்ளத்தில் துயரம், துயரத்தால் உணவு செல்லவில்லை. கஞ்சிபோன்ற நீருணவைக்கூட விழுங்க முடியவில்லை. மருத்துவர்கள் பார்த்துவிட்டு, இது உள்ளத்தில் இறங்கி அங்கிருந்து உடலுக்குப் பரவியது, உள்ளத்தின் கவலை நீங்காமல் இதற்கு மருந்தில்லை என்று சொல்லிவிட்டார்கள். பெயர் தெரியாத அந்த மருத்துவர்கள் மீது எனக்குத் தனி மதிப்பு. தங்கள் மருந்துப் பெட்டியில் இல்லாத நோயை அடையாளம் கண்டு, இல்லை என்று ஒப்புக்கொண்டவர்கள்.

இது சபை அச்சம் என்று நான் பெயர் சூட்டவில்லை. கஸ்ஸாலியின் போராட்டம் புகழுக்கும் மறுமைக்கும் இடையிலானது, அதை அவர்களே விளக்கியிருக்கிறார்கள். நான் சுட்ட வருவது ஊரார் செய்ததை. அவர்கள் பதவியைத் துறந்து, ஹஜ்ஜுக்குச் செல்வதாகச் சொல்லி, சிரியாவுக்குப் புறப்பட்டதும் ஆளுக்கொரு காரணம் கற்பித்தார்கள். தொலைவில் இருந்தவர்கள் ஆட்சியாளர்களுக்கு அஞ்சி ஓடினார் என்றார்கள். அருகில் இருந்தவர்களுக்கோ, ஆட்சியாளர்கள் அவரை விடாமல் பற்றிக்கொள்ள முயன்றதும் அவர் விலகியதும் தெரியும். ஆகவே அவர்கள் கண்ணேறு பட்டுவிட்டது என்றார்கள். உலகப் பெருமையின் உச்சியில் இருப்பவருக்கு உள்ளே வலிக்கும் என்று எண்ணிப் பார்த்தவர்கள் குறைவு. பேசமுடியாமல் போன மனிதரைப் பற்றி ஊர் முழுவதும் பேசியது.

திமிஷ்கில் ஈராண்டு அளவு தங்கினார்கள். அங்கே பள்ளிவாசல் மினாராவில் ஏறிக் கதவைச் சாத்திக்கொண்டு பகற்பொழுதைக் கழித்தார்கள். மீண்டும் பாடம் சொல்ல நைசாபூருக்கு வந்தது ஹிஜ்ரி 499இல். பதினொரு ஆண்டுகள்.

பல்கீயின் நூலுக்கு வாய்த்த தனிமை அதைவிட நீளமானது. கையெழுத்துப் படிகள் இஸ்தான்புல்லின் ஆயா ஸோஃபியா நூல்தொகுப்பில் உறங்கின. 1984இல் பேராசிரியர் ஃபுஆத் ஸெஸ்கின் பிராங்க்ஃபர்ட்டில் அதன் நிழற்படிவத்தைப் பதிப்பித்தார். உள்ளத்தைப் பற்றிய பகுதியை சூடானிய உளவியலாளர் மாலிக் பத்ரீ ஆங்கிலத்தில் மொழிபெயர்த்து 2013இல் வெளியிட்டார். இடைப்பட்ட நூற்றாண்டுகளில் நம் சமூகம் எதை எதையோ மனப்பாடம் செய்தது. இதைச் செய்யவில்லை.

விளைவு நம் வீடுகளில் தெரிகிறது. நம் பெண்பிள்ளை நாலு பேர் முன் பேசாமல் நின்றால், ஹயா உள்ள பிள்ளை என்று புகழ்கிறோம். அவள் உள்ளங்கை வியர்த்திருக்கிறதா என்று யாரும் தொட்டுப் பார்ப்பதில்லை. ஆண்பிள்ளை அப்படி நின்றால் ஆம்பிளைப் பிள்ளைக்கு என்ன வெட்கம் என்கிறோம். ஒரே நோய். ஒருத்திக்குப் பாராட்டால் மறைக்கப்படுகிறது, ஒருவனுக்கு ஏளனத்தால் வளர்க்கப்படுகிறது. இன்னும் சிலர் ஈமானில் குறைவு என்று முடித்துவிடுகிறார்கள். காரணம் தெரியாமல் வரும் துயரத்துக்கு உடல்ரீதியான மருந்தையும் இதமான பேச்சையும் சேர்த்து எழுதிக்கொடுத்தவர் பல்கீ. அந்த நூற்றாண்டின் மனிதர் மருத்துவரிடம் அனுப்புகிறார், இந்த நூற்றாண்டின் மனிதர் ஓதிப் பார்க்க மட்டும் அனுப்புகிறார். ஓதுவதும் வேண்டும், யார் வேண்டாம் என்றது? மூஸா (அலை) அவர்கள் துஆ செய்தார்கள். அந்த துஆவில், நெஞ்சு நெருக்கடிப்படுகிறது, நாக்கு எழவில்லை என்று ஒளிக்காமல் சொல்லி, துணைக்கு ஹாரூனைக் கேட்டார்கள். இறைத்தூதரே உடன் ஒரு மனிதரைக் கேட்டுப் பெற்றார்.

இவற்றையெல்லாம் நான் தேடிப் படித்ததற்கு ஒரு காரணம் உண்டு. என் ராத்தாவின் மகன். அப்போது அவனுக்குப் பதினேழு வயது. குடும்பத்தில் ஒரு நிக்காஹ். ஆண்கள் எல்லோரும் கீழே இருக்க, அவன் மாடிப்படியில் உட்கார்ந்திருந்தான். நான்தான் அவனைக் கையைப் பிடித்து இழுத்து வந்து, சபை நடுவே நிறுத்தி, எல்லாருக்கும் முஸாஃபஹா செய்யச் சொன்னேன். அவனுடைய சட்டை முதுகு முழுவதும் நனைந்திருந்தது. யாரோ சிரித்தார்கள், நானும் சிரித்தேன். அடுத்த இரண்டு ஆண்டுகள் எந்தக் கல்யாண வீட்டுக்கும் அவன் வரவில்லை. பள்ளிவாசலுக்குக்கூட இகாமத் சொன்ன பிறகு வந்து, ஸலாம் கொடுத்ததும் செருப்பைத் தேடுகிறவன் ஆகிவிட்டான்.

அந்த இரண்டு ஆண்டுகளில் பலமுறை, வியாழன் மாலையில், அவன் என்னைத் தொலைபேசியில் அழைத்து ஒரே கேள்வியைக் கேட்டிருக்கிறான். “மாமா, நாளைக்கு எந்தப் பள்ளியில ஜும்ஆ தொழப் போறீங்க?” நானும் பள்ளியின் பெயரைச் சொல்லி, குத்பா எத்தனை மணிக்கு என்பதையும் சேர்த்துச் சொல்லிவிட்டு வைத்துவிடுவேன். ஊரில் இருப்பதே மூன்று பள்ளிகள். மூன்றின் நேரமும் அவனுக்குத் தெரியும்.

அபூஹுரைரா (ரலி) அவர்களின் செய்தியை ஓர் இரவு மீண்டும் படித்தபோதுதான், வசனத்தைக் கேட்டவருக்கு வசனம் தெரிந்திருந்தது என்ற இடத்தில் கை நின்றது. அடுத்த வியாழன் அழைப்பு வந்தபோது, பள்ளியின் பெயரைச் சொல்லவில்லை. பன்னிரண்டு மணிக்கு வீட்டு வாசலில் வண்டியோடு நிற்பதாகச் சொன்னேன். மறுமுனையில் சிறிது நேரம் ஒன்றும் கேட்கவில்லை. பிறகு, பன்னிரண்டே காலுக்கு வந்தால் போதும், அதற்குள் தயாராகிவிடுவேன் என்றான்.

மருத்துவரிடமும் இப்போது போய்வருகிறான். வெள்ளிக்கிழமைகளில் நாங்கள் கடைசி வரிசையில், தூணை ஒட்டி நிற்கிறோம். ஸலாம் கொடுத்ததும் அவன் எழுவதற்குப் பார்க்கிறான். நான் உடனே எழுந்திருப்பதில்லை. சில வாரங்களில் அவன் போய்ச் செருப்பைப் போட்டுக்கொண்டு வாசலில் காத்திருக்கிறான். சென்ற வாரம் உட்கார்ந்திருந்தான்.